மழலையர் மொழியாய்வும் ஆய்வறமும்

முன்னுரை

தமிழ்ப் புலவர்கள் குழந்தையை நோக்கிய நோக்கு நுட்பம் வாய்ந்தது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக்கொண்டு, தலையெடுத்து அசையும் செங்கீரையையும், கைகொட்டி மகிழும் சப்பாணியையும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்தையும் பிள்ளைத்தமிழ் நூல்கள் நிரல்படப் பாடுகின்றன. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்வகையில் நூல்கள் யாத்துள்ளனர். எனினும் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. பிள்ளைத்தமிழில் குழந்தை பாடப்படுகின்றதேயன்றித் தானே பேசுவதில்லை. புலவர் வேண்டுவார்; செவிலி வேண்டுவாள்; குழந்தை கேட்டிருக்கும்.

மொழியியல் கல்லூரிப் பாடமாக வந்த பின்னர் நிலைமை மாறிற்று. குழந்தை என்ன பேசுகின்றது, எவ்வொலியை முன்னர்க் கற்கின்றது, வேற்றுமை உருபுகளையும் எதிர்மறை வினைகளையும் எம்முறையில் கைக்கொள்கின்றது என்னும் வினாக்கள் எழுந்தன. இவற்றுக்கு விடை காணக் குழந்தையின் வாய்மொழி வேண்டும். ஆகவே ஒலிப்பதிவுக் கருவியோடு தமிழ் மாணவர் அங்கன்வாடி வாயிலில் நிற்க வேண்டியவராகின்றார். அவ்வாயிலைக் கடக்குமுன் அவர் எண்ண வேண்டியவை யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய சோதனைகள் தரும் பாடம்

மொழியின் தோற்றத்தை அறியும் வேட்கையால் குழந்தைகளைச் சோதனைக்கு உட்படுத்தியமை மிகப் பழைய செய்தி. எகிப்திய மன்னன் சாமெடிக்கசு இரு குழந்தைகளை ஓர் ஆயனிடம் ஒப்புவித்து, அவர்கள் செவியில் எச்சொல்லும் விழாதவாறு வளர்க்கச் செய்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டசு எழுதுகின்றார். முகலாயப் பேரரசர் அக்பரும் இத்தகைய சோதனை ஒன்றை நிகழ்த்தினார். பேச்சொலி கேளாத ஓர் இல்லத்தில் பச்சிளங் குழந்தைகள் வளர்க்கப்பட்டனர் என்றும், 1582இல் பேரரசர் அங்குச் சென்றபோது அவர்களிடம் மொழி ஏதும் தோன்றியிருக்கவில்லை என்றும் அபுல் பசல் குறித்துள்ளார். மன்னர்களுக்கு வேண்டிய விடை கிடைத்திருக்கலாம். அக்குழந்தைகள் இழந்த மொழியை யார் திருப்பித் தந்தார்?

இவை முடியாட்சிக் காலத்துச் செய்திகள் என்று ஒதுக்கிவிட இயலாது. 1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாட்சன், ரோசாலி ரேனர் ஆகிய இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். பதினொரு மாதக் குழந்தை ஒன்றின் முன் வெள்ளை எலியைக் காட்டி, அதே நேரத்தில் இரும்புத் தண்டைச் சுத்தியால் அடித்துப் பேரொலி எழுப்பி, அச்சத்தை அதன் உள்ளத்தில் ஊன்றினர். அக்குழந்தையின் தாய் மருத்துவமனையில் செவிலித்தாயாகப் பணியாற்றியவர். ஊன்றிய அச்சத்தைக் களையுமுன்னரே குழந்தை அங்கிருந்து சென்றுவிட்டது.

மொழித்துறையினர் மறக்கலாகாத நிகழ்ச்சி 1939இல் அயோவா மாநிலத்தில் நடந்தது. பேச்சியல் அறிஞர் வெண்டல் ஜான்சனின் வழிகாட்டுதலில் ஒரு முதுகலை மாணவி தம் பட்டத்திற்காக அவ்வாய்வை மேற்கொண்டார். டேவன்போர்ட் நகரத்து ஆதரவற்றோர் இல்லத்துச் சிறார் 22 பேர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இயல்பாகப் பேசிய அறுவரிடம், அவர்களுக்குத் திக்குவாய் இருப்பதாகவும், பிழையின்றிப் பேச முடிந்தாலன்றிப் பேசவே கூடாது என்றும் திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. இல்லத்து ஆசிரியைகளுக்கும் உண்மை தெரிவிக்கப்படவில்லை. அச்சிறாருக்கு உண்மையாகவே திக்கல் உண்டாயிற்றா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் அவர்கள் பேசக் கூசினர் என்பதும், சொல்லைக் குறைத்துக்கொண்டனர் என்பதும் ஆய்வேட்டிலேயே பதிவாகியுள்ளன. 2001இல் செய்தி வெளியானபோது பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. 2007இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது.

இவற்றுள் பொதுவான ஒரு கூறு உண்டு. அரசனின் ஆணைக்குட்பட்ட மழலை, மருத்துவமனை ஊழியரின் மகவு, பெற்றோரற்ற இல்லத்துச் சிறார் என, 'வேண்டா' என்று சொல்ல வலிமையற்ற இடத்திலிருந்தே குழந்தைகள் தேர்ந்துகொள்ளப்பட்டனர். எளிதிற் கிட்டுவோரே ஆய்வுக்கு உகந்தோர் என்னும் எண்ணம் அறவழுவின் வித்து எனலாம்.

நெறிகள் உருவான வழி

இரண்டாம் உலகப்போரின் கொடுமைகளை ஒட்டி 1947இல் வகுக்கப்பட்ட நூரம்பர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுவோரின் தன்விருப்ப இசைவு இன்றியமையாதது என்றன. தாமே இசைவளிக்க இயலாத குழந்தைகளைப் பற்றி அவை பேசவில்லை. 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும், 1979இல் பெல்மாண்ட் அறிக்கையும் வந்தன. மாந்தரை மதித்தல், நன்மை நாடித் தீங்கு தவிர்த்தல், நீதி என்னும் மூன்றனைப் பெல்மாண்ட் அறிக்கை அடிப்படைகளாக நிறுத்தியது. 1989 நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. குழந்தையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்று அதன் 3ஆம் உறுப்பும், தன்னைப் பற்றிய செய்திகளில் தன் கருத்தை வெளியிடக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 12ஆம் உறுப்பும் கூறுகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரையுள்ள சிறாரிடம் வாய்மொழி உடன்பாடும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்துவழி உடன்பாடும் பெறுமாறு பணிக்கின்றன. அவை மருத்துவ ஆய்வை நோக்கி எழுந்தவையாயினும் மொழியாய்வாளரும் கற்கத்தக்கவை. ஆனால் நாம் அணுகும் அங்கன்வாடிக் குழந்தை ஏழு வயதுக்கும் கீழ்ப்பட்டது. அதனிடம் முறைப்படி உடன்பாடு பெறவேண்டும் என்னும் விதி இல்லை. விதி முடியும் அவ்விடத்திலேதான் ஆய்வாளரின் மனச்சான்றுக்கு வேலை தொடங்குகின்றது என்பது நம் கருத்து.

திட்டமிடல்

ஆய்வறம் களத்தில் தொடங்குவதன்று. வினாவை வகுக்கும்போதே தொடங்குவது. முதற்கண், இவ்வினாவுக்குக் குழந்தைகளைத் தொல்லைப்படுத்தாமல் விடை காண இயலுமா என்று ஆய்வாளர் தம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும். மாக்வின்னி, சுநோ ஆகியோர் 1984இல் தொடங்கிய உலகளாவிய குழந்தை மொழித் தரவுத் தொகுப்பில் தமிழ்க் குழந்தைப் பேச்சுப் பதிவும் இடம்பெற்றுள்ளது. முன்னரே திரட்டப்பெற்ற தரவு போதுமாயின், புதிதாக ஐம்பது குழந்தைகளை அமர்த்திச் சொல் கேட்பது வீண்.

அடுத்து, எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பது. எண்ணிக்கை மிகுந்தால் ஆய்வு சிறக்கும் என்னும் மயக்கம் மாணவரிடையே உண்டு. ஜெனீவாவின் மழலையர் பள்ளியில் ஆறு வயதுச் சிறுவர் இருவர் ஏறத்தாழ ஒரு மாத காலம் தாமாகப் பேசியவற்றைக் கேட்டெழுதிய குறிப்புகளே, பியாழே 1923இல் வெளியிட்ட நூலுக்கு முதன்மையான தரவாயின. ரோஜர் பிரௌன் மூன்றே குழந்தைகளை அவர்தம் இல்லங்களில் நெடுநாள் பின்தொடர்ந்து, 1973இல் பெரும் புகழ் பெற்ற நூலை வெளியிட்டார். சிலரைப் பொறுமையோடு நெடிது கேட்டல், பலரை விரைந்து வினவுதலினும் அறிவுக்கும் அறத்துக்கும் ஏற்றது.

மூன்றாவது, இத்திட்டத்தைப் பிறர் ஒருவர் நோக்கி ஆய்தல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் உள்ளதுபோன்ற ஆய்வு நெறிக்குழு கலைத்துறைகளில் எங்கும் அமைந்துவிடவில்லை. அமையாத இடத்தில், நெறியாளரோடு பிற துறைப் பேராசிரியர் ஒருவரும், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும், தாய் ஒருவரும் கொண்ட சிறு குழுவைத் துறையே அமைத்துக்கொள்ளலாம். 'இக்கேள்வியை என் பிள்ளையிடம் கேட்காதீர்கள்' என்று அத்தாய் சொல்வாராயின், அது பல நூல்கள் தாராத அறிவுரையாகும்.

அங்கன்வாடி என்னும் களம்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் 1982இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் சிற்றூர்தோறும் குழந்தைகள் மையங்களைக் கொண்டுவந்தது. இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. கற்றல், உணவு, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு வழிசெய்தல், தாய்மார்க்கு அறிவுரை ஆகிய அனைத்தும் நடைபெறும் இடம் அது. பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவருமே பெரும்பாலும் இத்தனையையும் சுமக்கின்றனர்.

இக்களத்தின் இயல்பை அறியாதார் இசைவின் பொருளையும் அறியார். மையத்தில் ஆய்வு செய்யக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் அனுமதி தேவை. அவ்வனுமதித் தாளைக் கண்டவுடன் பணியாளர் மறுக்க மாட்டார். மேலிடத்தின் ஒப்புதல் அவருக்கு ஆணையாகத் தோன்றும். பணியாளர் தாயிடம் சொல்லும்போது தாயும் மறுக்க மாட்டார். மறுத்தால் பிள்ளைக்கு வரும் முட்டைக்கும் சத்துமாவுக்கும் குறை நேருமோ என்னும் அச்சம் அவர் உள்ளத்தில் எழக்கூடும். ஆக, மூன்று கையெழுத்துகள் கிடைத்தும் ஒருவரேனும் மனமுவந்து இசையாத நிலை ஏற்படலாம். அலுவலரின் அனுமதி வாயிலைத் திறப்பது மட்டுமே. அது தாயின் இசைவாகாது.

இதனை நீக்க வழி உண்டு. தாயைக் காணும்போது ஆய்வாளர் தாமே சென்று, பணியாளர் உடனில்லாத வேளையில், எளிய பேச்சுத் தமிழில் செய்தியை விளக்க வேண்டும். 'நீங்கள் வேண்டா என்றால் மையத்தில் எதுவும் மாறாது. நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவோம்' என்று தெளிவாகக் கூற வேண்டும். விடையை அப்போதே கேளாமல், வீட்டில் கலந்து பேச இரண்டொரு நாள் விட்டுப் பின் கேட்பது நன்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குத் தாளைப் படித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பற்ற ஒருவரைச் சான்றாகக் கொண்டு கைரேகை பெறலாம். தாளில் உள்ள தமிழ் அவருக்குப் புரியாத தமிழாயின் அவ்விசைவு வெறும் மையே. தக்கினி உருதுவோ தெலுங்கோ வீட்டில் பேசுவோர்க்கு அவர்தம் மொழியிலேயே விளக்குதல் கடமை.

குழந்தையின் உடன்பாடு

பெற்றோர் தருவது இசைவு. குழந்தை தருவது உடன்பாடு. முன்னது பின்னதற்கு ஈடாகாது. நான்கு வயதுக் குழந்தை 'எனக்கு விருப்பமில்லை' என்று வாக்கியமாகச் சொல்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆயாவின் முந்தானையைப் பற்றும், கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டும், 'வெளிய போகணும்' என்னும், விரலைச் சூப்பத் தொடங்கும். இவையெல்லாம் மறுப்பின் மொழிகள். அகப்பாடலில் மெய்ப்பாட்டைக் கண்டு உள்ளக் குறிப்பு உணரப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இக்குறிப்பு விளங்காமற் போகாது. விளங்கியபின் கருவியை நிறுத்துவதே அறம். மாறாக, 'இன்னும் ஒரே ஒரு படம்' என்று கெஞ்சுவதும், மிட்டாய் காட்டி அழைப்பதும் உடன்பாட்டை விலைக்கு வாங்குவனவாகும். நன்றிப்பொருள் தருவதாயின் ஆய்வில் கலந்துகொண்ட குழந்தை, கொள்ளாத குழந்தை என்னும் வேற்றுமையின்றி மையத்திலுள்ள அனைவர்க்கும் ஆய்வு முடிந்தபின் தரலாம்.

உடன்பாடு ஒருமுறை பெற்று முடித்துவிடுவதன்று. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பெறத்தக்கது. நேற்று மடியில் அமர்ந்து கதை சொன்ன குழந்தை இன்று பேச மறுக்கலாம். முதல் சில நாள்கள் கருவியின்றிச் சென்று குழந்தைகளோடு பழகுதலும், பின்னர்க் கருவியை அவர்களே தொட்டுத் தம் குரலைத் தாமே கேட்க விடுதலும் அச்சத்தைப் போக்கும். அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் ஆகியோர் 2001இல் இங்கிலாந்தில் வெளியிட்ட முறை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. குழந்தைகளிடமே ஒளிப்படக் கருவியைத் தந்து, தமக்குப் பிடித்த இடங்களைப் படமெடுக்கச் செய்து, தம் மையத்தைத் தாமே சுற்றிக்காட்டச் செய்து, அவற்றின் வழி அவர்கள் கருத்தை அறிவது அம்முறை. அங்குக் குழந்தை ஆய்வுப் பொருளாக அன்றி ஆய்வுத் துணையாக விளங்குகின்றது.

குழந்தையோடு தனியறையில் அமர்தல் கூடாது. பணியாளரின் கண்ணுக்கு எட்டும் திறந்த இடமே தக்கது. உணவு வேளையும் உறங்கும் வேளையும் ஆய்வுக்கு உரியன அல்ல.

பதிவும் மறைகாப்பும்

குழந்தை ஒளிவுமறைவு அறியாதது. 'ராத்திரி அப்பா அம்மாவ அடிச்சாரு' என்று படக்கதைக்கு நடுவே அது சொல்லிவிடும். ஆய்வாளர்க்கு அது இறந்தகால வினைமுற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அக்குடும்பத்துக்கோ ஊரறியாத துயரம். இத்தகைய வாக்கியத்தை ஆய்வேட்டில் அப்படியே அச்சிட்டு, ஊரும் மையமும் குறித்து, குழந்தையின் பெயரையும் பின்னிணைப்பில் சேர்ப்பின் விளைவு யாதாகும்? ஆய்வேடு நூலகத்தில் நெடுங்காலம் இருக்கும். அக்குழந்தை வளர்ந்து அதே கல்லூரிக்கு மாணவியாக வரவும் கூடும். எனவே பெயரை மாற்றுதல் மட்டும் போதாது. சிற்றூரின் பெயர், தந்தையின் தொழில் போன்ற அடையாளங்களையும் நீக்க வேண்டும். ரோஜர் பிரௌனின் மூன்று குழந்தைகளும் புனைபெயராலேயே உலகுக்கு அறிமுகமாயினர் என்பது நினைவுகூரத்தக்கது.

ஒலிநாடாவின் காலம் போய்க் கைப்பேசியின் காலம் வந்துவிட்டது. பதிவு செய்தல் எளிதானதுபோல் பரவுதலும் எளிதாயிற்று. குழந்தையின் இனிய மழலையை நண்பர்க்கு அனுப்பி மகிழ்தல் ஆய்வாளர்க்கு ஆகாது. 2023இல் இயற்றப்பெற்ற மின்வழித் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவுறாதவரைக் குழந்தையெனக் கொண்டு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவை வலியுறுத்துகின்றது. பதிவு எங்கு வைக்கப்படும், யார் கேட்பர், எப்போது அழிக்கப்படும் என்பவற்றை இசைவுத் தாளிலேயே குறித்தல் வேண்டும்.

மறைகாப்புக்கும் எல்லை உண்டு. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது பேச்சின் வழி தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்குமாறு ஒவ்வொருவரையும் பணிக்கின்றது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று குழந்தைக்கு உறுதி கூறும் உரிமை ஆய்வாளர்க்கு இல்லை. இவ்வெல்லையைப் பெற்றோர்க்கும் பணியாளர்க்கும் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடல் நேர்மையாகும்.

'பிழை' என்னும் சொல்

முடிவுகளை எழுதும்போதும் அறம் தொடர்கின்றது. 'பழம்' என்பதைக் குழந்தை 'பளம்' என்கின்றது. வேறொரு குழந்தை 'பயம்' என்கின்றது. இரண்டனையும் ஒலிப்புப் பிழைகள் எனப் பட்டியலிடுதல் எளிது. தென் மாவட்டத்து வீட்டில் தாயே 'பளம்' என்பாள்; வடபகுதியில் 'பயம்' என்னும் வழக்கும் உண்டு. தாயின் மொழியைச் செம்மையாகக் கற்ற குழந்தையைப் பிழை செய்தது என்பது ஆய்வின் பிழை. வீட்டில் உருது பேசும் குழந்தை மையத்தில் மௌனமாயிருப்பின், அதனை 'மொழி வளர்ச்சி குன்றியது' என்று பதிவதும் அத்தகையதே. அக்குழந்தை இரு மொழிகளின் வாயிலில் நிற்கின்றது.

இப்பட்டங்கள் தாளோடு நின்றுவிடுவதில்லை. ஆய்வாளர் சொன்ன சொல்லைப் பணியாளர் நம்புவார். பணியாளர் சொன்னதைத் தாய் நம்புவார். தாய் நம்பியதைக் குழந்தை நம்பும். அயோவாவில் அறுவர்க்கு நேர்ந்தது இதுவே. அங்கு வேண்டுமென்றே கூறப்பட்டது. இங்கு அறியாமையால் கூறப்படலாம். குழந்தையின் செவிக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே வீட்டு வழக்கை முதலில் கேட்டறிந்து, அதனையே அளவுகோலாகக் கொண்டு குழந்தையின் பேச்சை மதிப்பிடல் வேண்டும். ஐயத்துக்குரிய குறை உண்மையாகவே தென்படின், தாமே தீர்ப்புக் கூறாமல் செவித்திறன், பேச்சுப் பயிற்சி வல்லுநரை நாடுமாறு பெற்றோர்க்குத் தனியே உரைத்தல் முறை.

முடிவுரை

தொகுத்துக் காணின், எளிதிற் கிட்டுவோர் என்பதற்காகக் குழந்தைகளைத் தேராமை, வினாவைச் சுருக்கிக் காலத்தைப் பெருக்குதல், அனுமதியையும் இசைவையும் உடன்பாட்டையும் ஒன்றோடொன்று மயக்காமை, அடையாளம் காத்தல், வீட்டு வழக்கை மதித்து முடிவெழுதுதல் ஆகியவை மழலையர் மொழியாய்வின் அறக்கூறுகள் எனலாம்.

இவற்றோடு திருப்பித் தருதலும் சேர்தல் வேண்டும். பட்டம் பெற்றபின் ஆய்வாளர் ஒருமுறையேனும் அம்மையத்துக்கு மீண்டு சென்று, தாம் கண்டதைப் பணியாளர்க்கும் தாய்மார்க்கும் எளிய சொற்களில் சொல்ல வேண்டும். குழந்தைகள் சொன்ன கதைகளையும் அவ்வூர்த் தாலாட்டுகளையும் விளையாட்டுப் பாடல்களையும் தொகுத்து ஒரு சிறு கையேடாக அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அவ்வாறு செய்யும் மாணவர்க்கு அடுத்த முறை அவ்வாயில் ஆணைத் தாளின்றியே திறக்கும். நம் துறையில் இனிக் குழந்தை மொழியாய்வில் புகுவோர், தரவுக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் சொற்பட்டியலுக்கு முன்பாக, 'இன்று பேச மறுத்த குழந்தைகள்' என்று ஒரு தலைப்பு இட்டுக்கொள்வாராக. அப்பக்கம் எழுதப்படும் ஏட்டில் அடுத்து வரும் சொற்களை நாம் நம்பலாம்.